அம்மன் மாவு கேட்ட வீடு

அன்புள்ள செல்வி,

மாசியில் நீ போனதிலிருந்து எனக்குச் சண்டை போட ஆளில்லை. அதனால்தான் எழுதுகிறேன். பதில் சொல்ல மாட்டாய் என்ற தைரியமும் கொஞ்சம் இருக்கிறது. உயிரோடு இருந்தவரைக்கும் என்னை ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச விட்டிருக்கிறாயா நீ?

முதலில் ஊர்ச் சேதி. மழை இந்த வருஷம் நேரத்துக்கு வந்துவிட்டது. உன் வீட்டு முன்பக்கத்து ஓடு ரெண்டு உடைந்திருந்தது, ஆள் வைத்து மாற்றிவிட்டேன். ஒடுகத்தூர் பஸ் பழைய மாதிரிதான், வந்தால் வந்தது, இல்லாவிட்டால் ஜீப். கோயம்புத்தூரில் உன் மகள் சௌக்கியம். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி, “பெரிம்மா, சாப்டீங்களா?” என்று உன் குரலிலேயே கேட்கிறாள். அந்த ஒரு நிமிஷம் மட்டும் எனக்குத் தாங்குவதில்லை.

நான் ரிட்டயர் ஆகிவிட்டேன். மாலை போட்டார்கள், ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். செங்கத்திலிருந்து என் தங்கை அன்றைக்கே ஆரம்பித்துவிட்டாள். “அந்த மலையில இன்னாக்கா இருக்குது உனக்கு? வேலையும் முடிஞ்சிபோச்சு, அந்தக் கணக்கு டீச்சரும் போய்ட்டாங்க. ஒத்தையில கெடந்து இன்னா பண்ணப் போற? வந்துடு.” வீம்புக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான், அவள் கேட்டதில் என்ன தப்பு என்று தோன்றியது. இங்கே எனக்கு ரத்த சொந்தம் யார்? பள்ளிக்கூடத்து வேலைக்கு வந்தவள், உன் பக்கத்தில் வீடு கிடைத்ததால் தங்கியவள். நீயே இல்லை என்றால் நான் யாருக்குப் பக்கத்து வீடு?

கடைசியில் மனசுக்குள் ஒரு முடிவெடுத்தேன். இந்த விதைப்பு நாளில் என் சாமை குவியலில் சேர்ந்தால் இருப்பேன். சேராவிட்டால் சாமானைக் கட்டிக்கொண்டு செங்கத்துக்கு இறங்கிவிடுவேன். யாரிடமும் சொல்லவில்லை.

உனக்குக் குவியலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆனால் இந்தக் கடிதத்தை வேறு யாராவது எட்டிப் பார்த்துப் படிப்பார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். நம் ஊரில் விதைப்புக்கு முன்னால் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு கைப்பிடி சாமை அம்மன் கோயிலுக்குப் போகும். எல்லாம் ஒரே குவியலாகும். ஊர்ப் பெரியவரான மூப்பர், அம்மன் மனுசனைச் செய்த கதையைச் சொல்லி முடித்ததும் குவியலிலிருந்து ஆளுக்கு ஒரு கை எடுத்துப்போய், வீட்டு விதையோடு கலந்து விதைப்பார்கள். அதில் ஒரு முறை உண்டு. அவரவர் விதையை அவரவர் போடக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் கையில் கொடுக்க வேண்டும், அவர்தான் போட வேண்டும்.

நான் வந்த முதல் வருஷம் இது தெரியாமல் நேராகப் போய் என் விதையை நானே கொட்டிவிட்டேன். கூட்டம் மொத்தமும் என்னையும் குவியலையும் மாறி மாறிப் பார்த்தது. கொட்டிய சாமையை யாரால் பிரித்தெடுக்க முடியும்? நீதான் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாய். திரும்பி வரும் வழியில் எனக்கு மூக்குக்கு மேல் கோபம். “இதுல என்னடி இவ்வளவு சட்டம்?” என்று கேட்டேன். “கதையக் கேட்டியா, இல்ல சாமையவே பாத்துட்டு இருந்தியா?” என்று நீ திருப்பிக் கேட்டாய்.

கேட்டிருந்தேன். கேட்டதால்தான் சிரிப்பு வந்தது. ஆதியில் மலை இருந்தது, மழை இருந்தது, அம்மனுக்குப் பேச்சுத் துணைதான் இல்லை. செம்மண்ணைப் பிசைந்து ஒரு மனுசனைச் செய்தாள், மழையில் கரைந்துபோனான். கல்லில் ஒருவனைச் செய்தாள். அவன் கரையவில்லை. ஆனால் பசியும் எடுக்கவில்லை, யாரையும் தேடவுமில்லை, உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான். கோயிலுக்குப் பின்னால் இருக்கும் பாறை அவன்தான். மூன்றாவதாக மாவில் செய்யலாம் என்று பார்த்தால், அம்மன் வீட்டில் மாவு இல்லை. பக்கத்து வீட்டுக்குப் போய் ஒரு படி சாமை மாவு கேட்டு வாங்கிவந்து பிசைந்தாள். அந்த மனுசன் கண்ணைத் திறந்ததும் சொன்ன முதல் வார்த்தை, “பசிக்குது.”

நான் அறிவியல் டீச்சர் இல்லையா, உடனே பிடித்துக்கொண்டேன். “மனுஷனே இன்னும் பிறக்கல. அதுக்குள்ள பக்கத்து வீடு எங்கிருந்து வந்தது? யார் குடியிருந்தாங்க அதுல?”

நீ நடப்பதை நிறுத்திவிட்டாய். “அதான்க்கா கதையே. கணக்குல ஒரு தப்பு இருந்தா மொத்தக் கணக்கும் போச்சு. கதையில தப்பு மாதிரி தெரிஞ்சா அங்கதான் நின்னு பாக்கணும். நாம வர்றதுக்கு முன்னாடியே நமக்குக் குடுக்க ஒரு வூடு இருந்துச்சுன்னு சொல்றாங்க. இதுக்கு மேல இன்னா வேணும் உனக்கு?”

“நடக்காததை நடந்ததாச் சொல்றது பொய் இல்லையா?”

“போர்டுல நீ அணு வரையறியே, நடுவுல உருண்டை, சுத்தி வட்டம் வட்டமா. அணு அப்படியா இருக்குது?”

“இல்ல. அது ஒரு மாதிரி. புரிஞ்சுக்கிறதுக்கு.”

“அப்ப நீ பிள்ளைங்ககிட்ட பொய் சொல்றியா?”

அதற்குப் பதில் எனக்கு வீட்டுக்குப் போய் ரசம் வைக்கும்போதுதான் வந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கத்தினேன், “மனுஷனுக்குப் பசி எப்படி வருதுன்னு எங்க புக்குல தெளிவா இருக்கு, ஜீரண மண்டலம்னு ஒரு பாடமே இருக்கு.” நீ அந்தப் பக்கம் பாத்திரம் விளக்கிக்கொண்டே, “அது சோறு உள்ள போன பிறகு நடக்கிறது. சோறு இல்லாதவன் எந்த வூட்டுக்குப் போவணும்னு அதுல இருக்குதா?” என்றாய். ரசம் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்ததுதான் மிச்சம்.

அதற்குப் பிறகு எத்தனை வருஷம் இதையே பேசினோம்? ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, “டீச்சர், பாடத்துல ஒண்ணு இருக்குது, மூப்பர் ஒண்ணு சொல்றாரு, எது நெஜம்?” என்று கேட்டபோது உன்னிடம்தான் அனுப்பினேன். “பரிட்சையில சயின்ஸ் டீச்சர் சொன்னத எழுது. யாராவது வாசல்ல வந்து நின்னா மூப்பர் சொன்னத நெனச்சுக்க” என்று சொல்லி அனுப்பினாயாம். அவள் இரண்டையும் சரியாகவே செய்தாள். இன்றைக்கு அவள் நர்ஸ்.

சரி, இந்த வருஷத்துக்கு வருகிறேன். சேகரை ஞாபகம் இருக்கிறதல்லவா, கோவிந்தம்மா மகன், நம்மிடம் படித்தவன். ஓசூரில் கம்பெனி வேலை. விதைப்பு நாளுக்கு முன்னாலேயே வந்திறங்கினான், கையில் போனும் தலையில் ஒரு திட்டமும். மூப்பரைச் சொல்லவைத்துக் கதையை வீடியோவாக எடுத்து, உலகத்தின் முதல் மனிதன் பிறந்த மலை என்று தலைப்புப் போட்டு எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறான். பாறைக்குப் பக்கத்தில் அதையே எழுதி ஒரு போர்டும் வைக்க வேண்டுமாம்.

நான் சிரித்ததும் அவன் முகம் சுருங்கிவிட்டது. “சிரிக்காதீங்க டீச்சர். கம்பெனியில நான் மலைக்காரன்னு தெரிஞ்சா ஒரு மாதிரியா பாக்கறாங்க. உங்களுக்கெல்லாம் சரித்திரமே இல்லன்னு ஒருத்தன் மூஞ்சிக்கு நேரா சொன்னான். இது நெஜம்னு ஆயிட்டா ஒருத்தனும் வாயத் தொறக்க முடியாது.”

எனக்குச் சுருக்கென்றது செல்வி. அந்தப் பிள்ளை பட்டது நிஜமான அவமானம். அதற்கு மருந்தாகத்தான் கதையைச் சரித்திரமாக்கப் பார்க்கிறான். ஆனால் அந்த மருந்து வேறு யார் வயிற்றை எரிக்கும் என்று அவன் யோசிக்கவில்லை, அன்றைக்கு நானும் யோசிக்கவில்லை.

விதைப்பு நாள் காலையில் கோயிலுக்குப் போனேன். துணிமுடிச்சில் என் சாமை. இத்தனை வருஷமும் என் விதையை நீ போட்டாய், உன்னுடையதை நான் போட்டேன். இப்போது யார் கையில் கொடுப்பது என்று தெரியாமல் கல்யாண வீட்டில் இலை கிடைக்காதவள் மாதிரி நின்றேன். கோவிந்தம்மா பக்கத்தில்தான் நின்றாள். சரி, அவளிடம் கொடுக்கலாம் என்று முடிச்சை நீட்டினேன்.

சேகர் குறுக்கே வந்தான். “டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. இனிமே முறையாச் செய்யணும்னு பேசியிருக்கோம். அம்மன் மாவுல பொறந்த மனுசனோட வம்சம் நாங்க. அந்த வம்சத்து விதைதான் குவியல்ல சேரணும். நீங்க உக்காந்து பாருங்க, உங்களுக்கு நாற்காலி போடச் சொல்றேன்.”

நாற்காலி. ரிட்டயர்மென்ட் அன்றைக்கும் போட்டார்கள் ஒரு நாற்காலி.

மூப்பர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொடியன்கள் பேசி முடித்ததை அவர் மீறுவாரா என்று தெரியவில்லை. எனக்கு உள்ளுக்குள் கொதித்தது. மாவில் மனுஷன் பிறக்க மாட்டான்டா, உனக்கு ஒன்பதாம் வகுப்பில் செல் பாடம் எடுத்தவளே நான்தான்டா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சொல்லியிருந்தால் ஒருத்தராலும் மறுக்க முடிந்திருக்காது. சொல்லிவிட்டு அப்படியே செங்கம் பஸ்ஸும் ஏறியிருப்பேன், ஏனென்றால் கதையைப் பொய்யாக்கிவிட்ட பிறகு நான் சேர்வதற்கு அங்கே குவியலே இருந்திருக்காது. என் வாயை அடைத்தது நீதான். தப்பு மாதிரி தெரிகிற இடத்தில் நின்று பார் என்றாயே, நின்றேன்.

“சரிப்பா. நீ சொல்றபடியே எல்லாம் நடந்ததுன்னு நானும் ஒத்துக்கறேன். அம்மன் மாவு வாங்கின வீடு எது?” என்று கேட்டேன்.

“எந்த வூடு?”

“பக்கத்து வீடு. அம்மன்கிட்ட மாவு இல்ல, பக்கத்து வீட்டுல போய் வாங்கினா. முதல் மனுஷனுக்கும் முன்னாடி இருந்த வீடு. போர்டுல அதையும் எழுதணுமில்ல, யார் வீடுன்னு சொல்லு.”

சேகர் மூப்பரைப் பார்த்தான். மூப்பர், “எங்க அப்பன் அதைச் சொல்லலப்பா” என்றார். சேகர், “அது சும்மா கதைக்காகச் சொல்றது டீச்சர்” என்றான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாவமாக இருந்தது. வாதத்தில் ஜெயித்தாலும் முடிச்சு இன்னும் என் கையில்தானே இருந்தது.

அப்போதுதான் கோவிந்தம்மா வாயைத் திறந்தாள். அவள் நாலு பேர் முன்னால் பேசி நீயும் பார்த்திருக்க மாட்டாய்.

“மொத மனுசன் எந்த மாவுல பொறந்தானோ எனக்குத் தெரியாதுடா. நீ பொறந்த வருசம் மழை பொய்ச்சுப்போச்சு, எனக்குப் பாலு வத்திப்போச்சு. உனக்குக் கூழ் காச்சுனது டீச்சருங்க ரெண்டு பேரு வூட்டு மாவுல. போய்க் கேட்டவ நானு. அந்த வம்சம்டா நீ.”

செல்வி, அந்த மாவு எனக்கு மறந்தே போயிருந்தது. உனக்காவது ஞாபகம் இருந்ததா? பக்கத்து வீட்டில் மாவு கேட்பதும் கொடுப்பதும் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

சேகர் அம்மாவைப் பார்த்தான், பாறையைப் பார்த்தான். பிறகு என் முன்னால் வந்து இரண்டு கையையும் சேர்த்து நீட்டினான். பள்ளிக்கூடத்தில் சத்துணவு முட்டை வாங்க நீட்டிய அதே கை, இப்போது கடிகாரம் கட்டியிருந்தது. முடிச்சை அவிழ்த்து அதில் கொட்டினேன். ஒரு மணி சிந்தாமல் கொண்டுபோய்க் குவியலில் போட்டான். திரும்பி வந்து, தன் வீட்டு விதையை என் உள்ளங்கையில் வைத்தான். “போடுங்க டீச்சர்” என்றான். எனக்குக் கண் மறைத்துவிட்டது, யாரோ தோளைப் பிடித்துத்தான் குவியல் வரைக்கும் கூட்டிப்போனார்கள்.

போர்டு வைக்கிற பேச்சை அவன் இன்னும் விடவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசினான். நிஜம் இல்லையென்றால் ஏன் இதைச் சொல்ல வேண்டும் என்று மறுபடி மறுபடி கேட்டான். சுண்டல் கொடுத்தேன், நீ சொன்ன அணுக் கதையையும் சொன்னேன். முறைத்துக்கொண்டே போனான். பரவாயில்லை, நானும்தான் உன்னிடம் எத்தனை வருஷம் முறைத்தேன்.

தங்கைக்குப் போன் பண்ணி, வரவில்லை என்று சொல்லிவிட்டேன். “அங்க உனக்கு யாரு இருக்காங்க?” என்று கேட்டாள். “மாவு கேட்டா குடுக்கிறவங்க இருக்காங்க” என்றேன். அவளுக்குப் புரியவில்லை, கடையில் மாவு கிடைக்காத ஊரா என்று திட்டினாள்.

உனக்கு நன்றி என்று ஒரு நாளும் சொன்னதில்லை. சொன்னால் கிண்டல் பண்ணியே கொன்றிருப்பாய். இப்போது சொல்கிறேன். என் பாடப் புத்தகத்தை என்னிடமிருந்து பிடுங்காமலே கதை கேட்கிற காதை எனக்குக் கொடுத்தாய். அந்தக் காது இல்லாவிட்டால் நான் எல்லாம் தெரிந்தவளாக, எந்த ஊருக்கும் ஆகாதவளாகப் போயிருப்பேன்.

இன்னொன்று. அன்றைக்குக் குவியலில் உன் வீட்டு விதையும் விழுந்தது. பூட்டின வீட்டுக்கு எதுக்கு விதை என்று ஒருத்தரும் கேட்கவில்லை. என் பானையிலிருந்து எடுத்ததுதான், ஆனால் உன் பேரைச் சொல்லித்தான் போட்டேன். என் கை கால் நன்றாக இருக்கிறவரைக்கும் வருஷா வருஷம் போடுவேன். எனக்கு முடியாமல் போனால் சேகர் போடுவான், அவனிடம் வாக்கு வாங்கிக்கொண்டேன்.

இப்படிக்கு,
பக்கத்து வூட்டிலிருந்து,
உன் வசந்தாக்கா