கட்டிங் பிளேயர் வேண்டாத கிட்டார்

மாமா, இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டிவிடாதீர்கள். உங்களுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்த தாத்தாவிடம்கூட. அவரிடம் ரகசியம் தங்காது.

என் விரலெல்லாம் துரு வாசனை. திண்டிவனத்தில் உங்கள் வீட்டு உள்ளறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு, உங்கள் கிட்டாரில் கம்பியை முறுக்கும் ஆறு பழைய கீக்களையும் கழற்றிவிட்டேன். நீங்கள் போனபின் அத்தை அதை யாரையும் தொடவிட்டதில்லை. "அவரு கை பட்டது பட்ட மாதிரியே இருக்கட்டும்" என்பார். ஆனால் நாளைக் காலை சர்ச்சில் உங்கள் வருஷ நினைவு ஆராதனை. அந்தக் கிட்டாரைத்தான் வாசிக்க வேண்டும் என்று சொன்னதும் அத்தையேதான். வாசிக்கப் போவது நான். தேய்ந்த கீ பாதிப் பாட்டில் நழுவினால் எல்லோரும் சிரிப்பார்கள். நீங்கள் இருந்தபோது சிரித்தது வேறு.

மூன்றாவது கீயின் கைப்பிடி உடைந்து வெறும் இரும்புத் துண்டுதான் நீட்டிக்கொண்டிருந்தது. அதைக் கட்டிங் பிளேயரால் திருகுவீர்கள். திருவெண்ணெய்நல்லூர் கல்யாணம் நினைவிருக்கிறதா? உங்கள் சட்டைப் பையில் பிளேயரைப் பார்த்துவிட்டுப் பெண்ணின் பெரியப்பா ஓடிவந்தார்.

"எலக்ட்ரீசனாங்க? பந்தியில ஃபேன் சுத்தல. ஜல்தி வாங்க!"

நீங்கள் மறுக்கவே இல்லை. ஏணியில் ஏறிச் சரிசெய்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து பாட்டைத் தொடர்ந்தீர்கள். "பாட்டுக்கு ஒருத்தனும் கைதட்டல, ஃபேனுக்குத் தட்டுனானுங்க பார்த்தியா?" என்று பஸ்ஸில் வழியெல்லாம் சிரித்தீர்கள்.

புதுக் கீ தந்த விழுப்புரம் கடைக்காரர் படித்துப் படித்துச் சொன்னார். "மூணு மூணு கீயா ரெண்டு பட்டை இருக்கும் பாப்பா. இடது வேற, வலது வேற. மாத்திப் போட்டுட்டு இங்க வந்து நிக்காத." நான் நன்றாகத் தலையாட்டிவிட்டு வந்து, மாற்றித்தான் போட்டேன். இறுக்கினால் தளர்ந்தது, தளர்த்தினால் இறுகியது. காரணம் புரிவதற்குள் மெல்லிய கம்பி 'டங்'கென்று அறுந்துவிட்டது. அத்தைக்குக் கேட்டிருக்குமோ என்ற பயத்தில் கிட்டாரைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு குறட்டை விட்டேன். எனக்குக் குறட்டைப் பழக்கமே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

இப்போது பட்டைகளைச் சரியாக மாற்றி, வேறு கம்பியும் போட்டாயிற்று. சுருதி நிற்கிறது, மாமா. நின்றதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நீங்கள் வாசித்தவரை அது ஒருநாளும் இப்படி ஒழுங்காக நின்றதில்லையே. அத்தை கேட்டால் என்ன சொல்வேன்?

நடுவில் சுருதி போனால் கிட்டாரைக் காட்டிக் கூட்டத்தைப் பார்த்து, "ஒரு நிமிசங்க, இவரு கொஞ்சம் பேஜாரு புடிச்சவரு" என்பீர்கள். கணக்குப் பரீட்சையில் விடை வராதபோது வினாத்தாளைப் பார்த்து நான் இன்னமும் சொல்லிக்கொள்வது அதைத்தான். நாளைக்கும் அது ஒன்றுதான் என் கையில்...

கதவைத் தட்டுகிறார்கள். அத்தை.

"பாப்பா, எவ்ளோ நேரமா வெளியவே நின்னுக்கினு இருக்கேன். நீ கழட்டுனது தெரியும். மாட்டி முடிச்சிட்டியா? ஒரு தடவ வாசிச்சுக் காட்டுடி. காலைலதான் மொதல்ல கேட்டேன்னா, எல்லார் எதிர்லயும் அழுதுடுவேன்."

மாமா, நான்...