கல்லில் வைத்த குங்குமம்

ஆடி 5, செவ்வாய்
விடியலிலிருந்து மழை. ரப்பர் மரத்தில் பால்வெட்டு இல்லை. தம்பின் பக்கத் தோட்டத்துக்கு ஜப்பான்காரன் லாரி வந்ததாம். சயாமில் ரயில் பாதை போட ஆண்களை வாரிக்கொண்டு போனானாம். எங்கள் லயத்தில் பக்கத்து வீட்டு முத்தம்மா புருஷனைப் பிடித்த மாதிரியே.

அடுத்து எங்கள் தோட்டம்தான். என் வீட்டுக்காரரை லாலான் புல் காட்டுக்குள் இருக்கும் கல்வட்டத்துக்குக் கூட்டிப்போய் ஒளித்துவைத்தேன். ஆள் உயரக் கற்கள், யார் எந்தக் காலத்தில் நட்டதோ. உயிருள்ள கல், வளரும் என்று மலாய்க்காரர்கள் கிட்டவே வரமாட்டார்கள். அதனால்தான் அந்த இடம்.

"கல்லோட கல்லா நின்னுக்கிறேன். நீ போ புள்ள." சிரிப்பு வேறு.

ஆடி 8, வெள்ளி
அவித்த மரவள்ளி கொண்டுபோனேன். உப்பில்லை. அவருக்குக் குளிர்காய்ச்சல். எழுந்து நிற்கவே முடியவில்லை, வேறு இடம் எப்படி மாற்றுவது?

பெரிய கல்லில் குங்குமம்! முத்தம்மா விறகுக்கு வந்தாளாம். அவர் கல்லுக்குப் பின்னால் மூச்சடக்கிப் படுத்திருந்தாராம். வேறு யாரும் பார்த்து வரக்கூடாதென்று ஈரத்துணியால் துடைத்தேன். சுமங்கலி கையால் குங்குமத்தை அழித்தேன்.

லயத்துக்கு வந்ததும் அவளைப் பிடித்துக் கத்தினேன்.

"முனியாண்டி மாதிரி நிக்குதுக்கா. கும்பிடாம சும்மா வரச் சொல்றியா? எம் புருஷன திருப்பிக் குடுன்னு கேட்டேன்."

அங்கே போகாதே என்றேன். ஏன் என்று சொல்ல முடியவில்லை.

ஆடி 12, செவ்வாய்
நல்ல வெயில். நான் பிள்ளைக்கொட்டகையில் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பாதி லயம் கல்லுக்குப் படையல் போடப் போய்விட்டது. கற்பூரம் ஏது இந்தக் காலத்தில்? காய்ந்த ஒட்டுப்பாலை உருட்டி, கல்லுக்கு ஒன்றாகக் கொளுத்தினார்களாம். ரப்பர் புகை, கன்னங்கரேலென்று. லயத்திலிருந்தே தெரிந்தது. ரோட்டில் போன பட்டாளத்து லாரிக்குத் தெரியாதா?

ஓடினேன். லாலானுக்குள் பதுங்கிப் பார்த்தேன். கும்பிடப் போன ஆண்கள் துப்பாக்கி முனையில் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். கடைசியில் அவர், போர்வையோடு. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

சாமி இல்லாமல் நம் ஆட்களால் ஒரு வாரம் இருக்க முடியாது. பாவிகள்.

ஆடி 13, புதன்
வானம் கறுத்து வருகிறது. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி: "மூணு மாசத்துல வந்துருவாங்கம்மா." முத்தம்மாவிடமும் இதையேதான் சொன்னார்.

குங்குமச் சிமிழ் காலி. கடையிலும் கிடையாது. மழைக்கு முன் கல்லுக்குப் போனேன். கரியும் குங்குமமும் அப்பிக் கிடந்தன. நகத்தால் சுரண்டி நெற்றியில் வைத்துக்கொண்டேன்.

பின்னாலேயே முத்தம்மா. வெறும் நெற்றி. "எனக்கும் வச்சுவிடுக்கா. இருந்ததையெல்லாம் கல்லுக்கே வச்சிட்டேன்."

திட்டிக்கொண்டே வைத்துவிட்டேன்.