கிளவுடில் கூடிய இடம்

செவ்வாய், நாள் 211. காலை 7:10
மேட்டு நிலையம், நில அதிர்வுக் கூடம். எழுதுவது பெனடிக்டா ரொட்ரிகோ. இங்கே நான் ஒருத்திதான். மற்ற ஆறு பேரும் தூரத்தில், பழைய எரிமலைக் குகைக்குள் அமைத்த முகாமில் இருக்கிறார்கள். குகையின் கூரை அசைகிறதா என்று கவனிப்பது என் வேலை.
லேப்டாப்பில் எட்டு சதவீத இடம்தான் காலி. கிளவுடில், அதாவது மேலே சுற்றும் விண்கலத்தின் சர்வரில், பாதிக்கு மேல் காலி. கவலையில்லை. காபித்தூள் தீர்ந்துவிட்டது.

காலை 10:40
அதிர்வுகள் அதிகம். ஒவ்வொன்றும் பெரிய கோப்பு. லேப்டாப் சிவப்பு காட்டுகிறது. நிரம்பினால் பதிவு நின்றுவிடும். முகாம் தலைவர் ஷாகுல் ரேடியோவில்:
“பெனி, பழசெல்லாம் கிளவுட்ல இருக்குல்ல? லேப்டாப்ல அழிச்சிடும்மா.”
கிளவுடைத் திறந்து பார்த்தேன். எல்லாம் இருந்தது. பதிவு தொடங்கியதிலிருந்து சேர்ந்த மூன்று மாதக் கோப்புகளையும் லேப்டாப்பில் அழித்தேன்.

நண்பகல் 12:15
லேப்டாப்பில் இடம் வந்துவிட்டது. கிளவுடிலும் காலி இடம் கூடியிருக்கிறது. கூடியிருக்கக் கூடாது.
திறந்தேன். அந்த ஃபோல்டரே இல்லை. அங்கே இருந்தது தனி நகல் அல்ல, சிங்க். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத்தொட்டியில் தேடினேன். இடம் குறைந்தால் தானாகக் காலியாகும்படி வைத்திருந்தது நானேதான்.
பழைய அதிர்வுகளோடு ஒப்பிட்டுத்தான் கூரை தாங்குமா என்று மென்பொருள் சொல்லும். இப்போது திரையில் ஒரே வரி: ஒப்பிட எதுவும் இல்லை.

பகல் 1:05
மென்பொருள் சொல்லாவிட்டால் என்ன, மூன்று மாதமாக இந்தக் கோடுகளையே பார்த்திருக்கிறேன். இன்றையவை சரியில்லை. ரேடியோவில் கூப்பிட்டேன்.
“அண்ணே, எல்லாரும் உடனே வெளிய வாங்க.”
“ஆதாரம் இருக்கா?”
“இல்லண்ணே. நான் அழிச்சுட்டேன். தயவுசெஞ்சு வாங்க.”
அண்ணன் சொன்னார்:
“நாலு பேரை வண்டில அனுப்புறேன். தெய்வானைக்குக் கால் உடைஞ்சு கட்டுப் போட்டிருக்கு, ஸ்பேஸ் சூட் மாட்ட நேரமாகும். நான் அவளக் கூட்டிட்டு வர்றேன்.”

பகல் 1:50
கூரை விழுந்துவிட்டது.
வண்டி வெளியே வந்துவிட்டது. நாலு பேரும் பத்திரம். ஷாகுல் அண்ணனைக் கூப்பிட்டேன். கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன்.

பகல் 3:20
குகைச் சுவரில் பதித்த உணர்கருவிகள் வேலை செய்கின்றன. யாரோ தட்டுகிறார்கள்! ஒன்று கனமாக, ஒன்று மெல்ல. இரண்டு பேரும் இருக்கிறார்கள். தட்டல் எங்கிருந்து வருகிறது என்று நான் சொல்கிறேன், வண்டியில் வெளியே வந்த நால்வரும் தோண்டுகிறார்கள்.
கூரை விழுந்தபோது பதிவான அதிர்வுகளால் லேப்டாப் மறுபடி சிவப்பு. பதிவு நிற்கக் கூடாது. வீட்டுப் படங்களை அழித்தேன். அம்மா அனுப்பிய குரல் பதிவுகளையும். கிளவுடிலும் போய்விடும் என்று தெரிந்தே.

மாலை 4:45
தோண்டுகிறவர்கள் ரேடியோவில்:
“பெனி, இன்னும் இடது பக்கமா?”
“ஆமா. நிறுத்தாதீங்க.”
அழிக்க இனி எதுவுமில்லை. கொஞ்சம்தான் இடம் மிச்சம், இந்தக் குறிப்பும் இதே லேப்டாப்பில்தான்.
கனமான தட்டல் கேட்டு நேரமாகிவிட்டது. மெல்லியது மட்டும் விட்டு விட்டு வருகிறது, பக்கத்தில் இருப்பவரை எழுப்புவதுபோல.
தோண்டுகிறவர்களிடம் நான் இன்னும் சொல்ல