முதலில் போன், பிறகு காகிதம்

1987 பிப்ரவரி 23, திங்கள்

நாள் முழுக்க, பினாங்குக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த் வார்ஃபில் பால் மாவு மூட்டைகளோடு போராட்டம். தலைமுடியில்கூட மாவு. செர்னோபில் அணு உலை வெடித்துப் பத்து மாதம் ஆகிறது. அங்கே புல்லில் விழுந்ததைப் பசு தின்று, பாலாகி, மாவாகி, மூட்டையாகி என் மேசைக்கு வந்திருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து வரும் எதையும் எங்கள் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலகம் அளந்து பார்க்காமல் கடைக்கு விடுவதில்லை. இன்று வந்ததில் சீசியம் நம் வரம்பைத் தாண்டி நின்றது. நம்பாமல் மூன்று முறை அளந்தேன். பிறகு, திருப்பி அனுப்பச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

உதவியாளர் ரொஸ்னா வடையும் வெள்ளரியும் கலந்த பசெம்பூர் வாங்கி வந்தாள். பினாங்குக்குத் திரும்பும் ஃபெர்ரியில் நின்றபடியே இரண்டு பேரும் தின்று தீர்த்தோம். உருப்படியாக ஒரு வேலை செய்த நாள்.

பிப்ரவரி 26, வியாழன்

கப்பல் ஏஜெண்ட் ஆபீஸ் லாரன்ஸ் போன் செய்தார். “அக்கா, நீங்க திருப்பின சரக்கு வந்த ஊருக்குத் திரும்பல லா. புதன்கிழமை கப்பல் கிளம்புது, கொழும்புல இறக்கப் போறாங்களாம். நான் சொன்னதா யாருகிட்டயும் சொல்லிடாதீங்க.”

கொழும்பு!

உலகத்தில் வேறு துறைமுகமே இல்லையா?

பிப்ரவரி 27, வெள்ளி

கோலாலம்பூரில் மேலதிகாரி புவான் காமாரியாவிடம் சொன்னேன். நல்ல மனுஷிதான். ஆனால் வழி ஒன்றுதானாம்: இங்கிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து வெளியுறவு அமைச்சு, பிறகு வியன்னாவில் சர்வதேச அணுசக்தி முகமை, கடைசியாகக் கொழும்பு. போன வருஷம் நாடுகள் எல்லாம் கூடி ஒப்பந்தம் போட்டதே, உடனுக்குடன் சொல்வோம் என்று? அது விபத்துக்கு மட்டுமாம். பால் மாவு மூட்டை விபத்து இல்லையாம்!

டெலக்ஸ் வாசகத்தை எழுதி அனுப்பிவிட்டேன். எவ்வளவு நாளாகும் என்று கேட்டதற்கு, பார்க்கலாம் என்றார்.

மார்ச் 1, ஞாயிறு

நானும் இவரும் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய் வந்தோம். படியேறும்போதெல்லாம் ஸ்ரீயானி ஞாபகம்தான். எதற்கு மூடி மறைக்க வேண்டும், என் டைரியில்?

கொழும்பில் என் வேலையைச் செய்கிற சிங்களப் பெண் அவள். எண்பத்தொன்றில் பம்பாய்ப் பயிற்சியில் ஆறு வாரம் ஒரே அறை. அறையில் சமைக்கக்கூடாது என்று விதி. விதிகளைக் காக்கப் படிக்க வந்த நாங்கள் இரண்டு பேரும் கட்டிலுக்கு அடியில் ரைஸ் குக்கரை ஒளித்து வைத்துச் சோறாக்கினோம். நாடுகள் ஒன்றுக்கொன்று தகவல் சொல்லும் முறை பற்றி ஒருவர் மணிக்கணக்காக வகுப்பெடுத்த அன்று, அவள் என் காதில் சொன்னாள்: “நமக்குள் ஒரு முறைதான் கமலா. முதலில் போன், பிறகு காகிதம்.” கையில் அடித்து ஒத்துக்கொண்டேன்.

எண்பத்துமூன்று ஜூலைக் கலவரத்தில், கொழும்பு வெள்ளவத்தையில் என் மாமா வீடு எரிந்தது. மாமா மகள் யோகம்மா கட்டின சேலையோடு கப்பலேறி யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தாள். ஆகஸ்டில் ஸ்ரீயானி கடிதம் போட்டாள், உன் ஆட்கள் பத்திரமா என்று. நான் பதில் போடவில்லை. அதோடு சரி.

இரவுச் சாப்பாட்டின்போது இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக் கேட்கிற மாதிரியே கேட்டார்: “அந்தப் பொண்ணா உன் மாமா வீட்டக் கொளுத்திச்சு?”

எழுந்து போய்விட்டேன்.

மார்ச் 2, திங்கள்

யோகம்மாவுக்கு அவசரமாக ஒரு கடிதம் போட்டேன். ஐரோப்பியப் பால் மாவு எதையும் குழந்தைக்குக் கொடுக்காதே, ஏன் என்று கேட்காதே என்று. தபாலில் சேர்த்த பிறகுதான் உறைத்தது. ஒரு ஊர் முழுக்கக் குடிக்கப் போகிறது. நான் என் வீட்டுக் குழந்தைக்கு மட்டும் சொல்லியிருக்கிறேன். இதற்கா அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுக்கிறது?

மார்ச் 4, புதன்

கப்பல் போய்விட்டது.

மார்ச் 5, வியாழன்

இன்னும் அது கடலில்தான் இருக்கிறது. இறக்குவதற்கு முன்னால் ஒரே ஒரு போன் போதும். ஸ்ரீயானி ஓடிப்போய் நிறுத்திவிடுவாள், எனக்குத் தெரியும். அவள் குணம் அது.

அலுவலகப் போனில் வெளிநாடு பேச முடியாது. டெலிகாம் கவுண்டருக்குப் போனேன். அலுவலகக் கணக்கா, சொந்தக் கணக்கா என்று அந்தப் பெண் கேட்டாள். அலுவலகம் என்றேன். அரை மணி நேரம் கழித்துக் கூண்டுக்குள் போன் அடித்தது. கரகரப்புக்கு நடுவில் அதே குரல். “ஹலோ! ஹலோ!” சிரிப்புக் கலந்த குரல். பம்பாயில் கேட்ட அதே சிரிப்பு, நடுவில் ஒன்றுமே நடக்காத மாதிரி. எப்படிடீ உன்னால சிரிக்க முடியுது? எங்க வீடு சாம்பலாப் போச்சுடீ—

ஒரு வார்த்தையும் பேசாமல் வைத்துவிட்டேன்.

வெளியே வந்து அலுவலகக் கணக்கில் கையெழுத்துப் போட்டேன். லைன் சரியில்லையா என்று கவுண்டர்ப் பெண் கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 6, வெள்ளி

மறுபடியும் போக வேண்டும் என்று காலையில் புடவை மாற்றிக்கொண்டேன். போகவில்லை. டெலக்ஸ் போய்க்கொண்டுதானே இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்குக் கோபம் வந்தால் நல்ல நியாயமும் கூடவே கிடைத்துவிடும்.

மார்ச் 30, திங்கள்

யோகம்மாவின் பதில், யாரோ கொழும்புக்கு எடுத்துப் போய்த் தபாலில் போட்டது. “அக்கா, நீங்கள் ஏன் பயப்பிடுறீங்கள்? இஞ்ச சாமான் வர விடுறாங்களில்லை, பால்மாவைக் கண்டே கனகாலம். பிள்ளைக்குக் கஞ்சித்தண்ணிதான் குடுக்கிறன்.”

படித்துவிட்டு நெடுநேரம் அழுதேன். யாருக்காக என்று இவர் கேட்டார். 

ஏப்ரல் 21, செவ்வாய்

கொழும்பிலிருந்து டெலக்ஸ். வந்த வழியும் அதே சுற்றுவழி. எங்கள் தகவல் கிடைப்பதற்குள் சரக்கை இறக்கிவிட்டார்கள். விஷயம் தெரிந்ததும் கிடங்கு கிடங்காகத் தேடியிருக்கிறார்கள். பாதி மூட்டை அகப்பட்டது. மீதி கடைகளில் விற்றுப்போயிற்று. கடைசி வரி: தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி. கீழே ஸ்ரீயானியின் பெயர்.

கிடங்கு கிடங்காகத் தேடியது யார் என்று எனக்குத் தெரியாதா?

ரொஸ்னா அதைக் கோப்பில் வைக்கக் கேட்டாள். இந்த அளவைக் குடித்து யாரும் செத்துவிடப் போவதில்லை. கணக்கு எனக்குத் தெரியும். ஆனால் நம் ஊர்ப் பிள்ளைக்கு ஆகாது என்று கையெழுத்துப் போட்டவள் நான். அங்கேயும் பிள்ளைகள்தானே குடித்திருக்கும்? யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குக் கிடைக்காத பாலை, கொழும்புப் பிள்ளை குடித்துவிட்டது. அந்தக் குழந்தைகளில் எது என் மாமா வீட்டைக் கொளுத்தியது?

தப்புச் செய்துவிட்டேன். வேறு பெயர் இதற்கு இல்லை.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

ஸ்ரீயானிக்கு எழுத உட்கார்ந்தேன். “அன்புள்ள” என்பதைத் தாண்டவில்லை.

1988 பிப்ரவரி 10, புதன்

பத்து மணி இருக்கும். என்னை அக்கா என்று மலாயில் கூப்பிடும் ரொஸ்னா ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு, “காக், கொழும்பு!” என்றாள்.

“கமலா, முதலில் போன். காகிதம் பிறகு வரும்.”

எடுத்த எடுப்பில் அதுதான். ஹலோகூட இல்லை. அவர்கள் துறைமுகத்தில் கப்பல் மாற்ற இறக்கிய பால் மாவில் சீசியம் மிக அதிகமாம். பினாங்குக்கு என்று போட்டிருக்கிறதாம். கப்பல் பெயர், பெட்டி எண், அளவு எல்லாவற்றையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். எழுதிக்கொண்டேன். ஒவ்வொரு எண்ணையும் திருப்பிப் படித்துக் காட்டினேன்.

முடிந்தது என்று நினைத்தேன். அவள் வைக்கவில்லை.

“போன மார்ச்சில் ஒரு நாள் ஆபரேட்டர் ‘பினாங்கு பேசுகிறது’ என்றாள். எனக்கு ஒரே சந்தோஷம். பினாங்கில் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அப்புறம் லைன் போய்விட்டது. மறுபடி கூப்பிடுவாய் என்று ஆபீஸ் பூட்டும் வரை போன் பக்கத்திலேயே இருந்தேன். லைன் கோளாறுதானே, கமலா?”

கடவுளே. அந்தச் சிரிப்பு எனக்காகச் சிரித்தது.

“ஆமா. லைன் கோளாறு” என்றேன்.

“அப்படித்தான் நினைத்தேன்” என்றாள்.  பிறகு வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 18, வியாழன்

சரக்கு வந்தது. அவள் சொன்ன பெட்டி, அவள் சொன்ன அளவு. வார்ஃபைத் தாண்ட விடவில்லை. ஒரு மூட்டைகூட வெளியே போகவில்லை. எந்த நாட்டுக்குத் திருப்பினாலும் அந்த நாட்டுக்கு முதலில் போன் போட வேண்டும் என்று புவான் காமாரியாவிடம் சண்டை பிடித்தேன். கேட்டுத் தொலைக்கிறேன் என்றார்.

பிப்ரவரி 19, வெள்ளி

காலையில் டெலிகாம் கவுண்டர். கொழும்புக்கு ஒரு கால். அலுவலகக் கணக்கா, சொந்தக் கணக்கா என்று அதே பெண் கேட்டாள்.

சொந்தக் கணக்கு என்றேன். கூண்டுக்கு வெளியே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சரக்கைப் பற்றிச் சொல்ல இன்று ஒன்றும் இல்லை. அந்த லைனைப் பற்றித்தான்.