உபகாரசாமியின் ஆன்ம இளைப்பாற்றிக்காக

ராசிபுரம்,
07.12.2025

அன்புத் தங்கை சிஸ்டர் அக்சிலியாவுக்கு,

அண்ணன் உபகாரசாமி எழுதுவது. ‘இயேசுவுக்கே புகழ்’ என்று நீ தொடங்குவதைப் போலத் தொடங்க எனக்குப் பேனா ஓடவில்லை. இங்கே நானும் உன் அண்ணி சகாயம்மாளும் நலம் என்று எழுதுவதுதான் முறை. எழுதியதாகவே வைத்துக்கொள்.

உன் நான்கு பக்கக் கடிதம் கிடைத்தது. நான்கிலும் கடவுளை நம்புங்கள் அண்ணா, அவர் கைவிடமாட்டார் என்று விதவிதமாக எழுதியிருந்தாய். செல்போன்கூடப் பிடிக்காத ஜார்க்கண்ட் மலையில் உட்கார்ந்துகொண்டு நம்புவது சுலபம். அப்பா இறந்தபோது மடத்தில் விடவில்லை என்று நீ வரவில்லை. குழிக்குள் முதல் பிடி மண்ணை நான் ஒருவன்தான் போட்டேன். பதினோரு வருடமாகியும் அந்த மண் என் கையில்தான் இருக்கிறது.

கோயில் பள்ளிக்கூடத்தில் எனக்கு வரவேண்டிய தலைமையாசிரியர் பதவியை, என்னைவிட ஆறு வருடம் இளையவனுக்குக் கொடுத்தார்கள். அன்றே அந்த வேலையை உதறிவிட்டு அரசுப் பள்ளிக்குத் தேர்வு எழுதினேன். இப்போது கெங்கவல்லியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்திக்கொண்டிருக்கிறேன். தினமும் போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். அன்றிலிருந்து கோயிலுக்குள் கால் வைப்பதில்லை. சகாயத்தை வண்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டு, பூசை முடியும்வரை மாதா கெபிக்குப் பக்கத்தில் வண்டிமேலேயே உட்கார்ந்திருப்பேன். ஒலிபெருக்கியில் எல்லாம் காதில் விழும். அப்படித்தான் இதுவும் விழுந்தது.

போன மாதம் முதல் வெள்ளி. மாலை ஆறு மணிப் பூசை. தொடங்குவதற்கு முன் உபதேசியார் இன்னாசி, யார் யாருக்காகப் பூசை என்னும் கருத்துகளை வழக்கம்போல வாசித்தார். முதலில் உயிரோடு இருப்பவர்களுக்கானவை: பரீட்சை, பிரசவம், வெளிநாட்டு விசா. மூன்று வருடமாக வாரம் தவறாமல் உன் அண்ணி எழுதிப் போடும் சீட்டும் அதில் உண்டு. மகன் ஜெர்ரி நல்லபடியாக வீடு திரும்ப. பிறகு மரித்தோர் பட்டியல். அதில் நாலாவதாக, ‘மரித்த உபகாரசாமியின் ஆன்ம இளைப்பாற்றிக்காக.’

நான் கெபியில் இருந்த மாதாவின் முகத்தைப் பார்த்தேன். வேறு யாரைப் பார்ப்பது?

யாரோ நம் தாத்தாவுக்குக் கேட்டிருக்கிறார்கள் என்று சமாதானம் செய்துகொண்டேன். அவர் பெயரைத்தானே எனக்கு வைத்தார்கள். ஆனால் தாத்தா போய் ஐம்பத்து நான்கு வருடம் ஆகிறது. அவருக்காகப் பூசை கேட்க நம்மைத் தவிர யார் இருக்கிறார்கள்? முந்தாநாள் முதல் வெள்ளியிலும் அதே பெயர், அதே நாலாவது இடம். பூசை முடிந்ததும் இன்னாசியைப் பிடித்தேன். எனக்கும் அவருக்கும் பேச்சு இல்லாதது உனக்குத் தெரியும்.

‘கோவிச்சுக்காதீங்க வாத்தியாரே, தபால்ல வந்துச்சு. உங்க பாட்டனாருக்குன்னு நெனச்சேன். நீங்கதான் கண்ணு முன்னால கல்லாட்டம் ஒக்காந்திருக்கீங்களே’ என்றார். குத்தலாகத்தான் சொன்னார். இரண்டு அஞ்சலட்டைகளை எடுத்துக் காட்டினார். இரண்டிலும் அந்த ஒரே வரி. அனுப்பியவர் பெயர் இல்லை. ஒன்றில் ஜக்தல்பூர் முத்திரை. மற்றதில் சந்திரப்பூர்.

நீ கேட்டிருந்தாய், அன்று ஜெர்ரியிடம் அப்படி என்னதான் சொன்னீர்கள் அண்ணா என்று. இதுவரை யாருக்கும் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. இன்ஜினியரிங் மூன்றாம் வருடத்தை விட்டுவிட்டு, திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு போர்வெல் போட வடக்கே போகிறேன் என்று வந்து நின்றான். வாசலில் ரிக் முதலாளி முருகானந்தம் நின்றுகொண்டிருந்தார். அவர் முன்னால் சொன்னேன்: ‘இந்தப் படியத் தாண்டுனா உன் அப்பன் செத்துட்டான்னு நெனச்சுக்க. செத்தவனுக்கு என்ன பண்ணுவாங்களோ அத மட்டும் பண்ணு.’ அவன் தாண்டினான்.

எட்டு மாதம் கழித்து முருகானந்தம் தனியாக வந்தார். ஜக்தல்பூர் பக்கம் ஆற்றில் குளிக்கப் போனவனைக் காணவில்லை என்றார். ‘துணியும் போனும் கரைலதான் இருந்துச்சுங்க சார். ஒம்பது நாள் தேடுனோம். ஆளுதான் கெடைக்கலீங்க’ என்று அழுதார். மூன்று வருடம் ஆகிவிட்டது. நான் கணக்கும் இயற்பியலும் படித்தவன். ஒன்பது நாளில் கிடைக்காத உடல் எங்கே போயிருக்கும் என்று தெரியும். உன் அண்ணிக்குத் தெரியாது. அவள் நம்புகிறாள்.

அஞ்சலட்டையில் இன்னொன்றும் பார்த்தேன். எழுத்தின்மேல் கை உராய்ந்து, வரி முழுவதும் மை இழுபட்டிருந்தது. இடது கையால் எழுதுகிறவர்களுக்கு அப்படித்தான் ஆகும். ஜெர்ரிக்கு இடது கைப் பழக்கம். அதை மாற்ற ஆறு வயதில் அவன் விரல்களில் ஸ்கேலால் நான் அடித்ததும் உனக்குத் தெரியும். நீதான் நடுவில் விழுந்து தடுத்தாய்.

நேராகக் கேட்கிறேன். எனக்குப் புத்தி வரட்டும் என்று நீ யாரையாவது வைத்து எழுதினாயா? வடக்கில் உனக்கு ஆள் பழக்கம் உண்டு. நீ என்றால் நிறுத்திவிடு. நீ இல்லை என்றால் எனக்குப் பதில் எழுதாதே.

இப்படிக்கு,
உயிரோடிருக்கும் உன் அண்ணன்,
உபகாரசாமி


ராசிபுரம்,
04.04.2026
பெரிய சனிக்கிழமை, பகல் பதினொரு மணி

அன்புள்ள அக்சிலியா,

நீ பதில் எழுதவில்லை. அதையே பதிலாக எடுத்துக்கொண்டேன்.

இந்தக் கடிதத்தில் சண்டை இல்லை. மேசைமேல் என் துணிப்பை இருக்கிறது. நான்கு சட்டை, இரண்டு வேட்டி, பிரஷர் மாத்திரை. கெங்கவல்லியில் பள்ளிக்கு எதிரே என்னோடு வேலை பார்க்கும் பாலசுந்தரத்தின் மாடியறை காலியாக இருக்கிறது. அங்கே போய்விடலாம் என்று முடிவு செய்து, போகுமுன் உனக்கு எழுத உட்கார்ந்தேன். ஏன் என்று சொல்கிறேன்.

அஞ்சலட்டைகள் நிற்கவில்லை. ஜனவரி முதல் வெள்ளிக்கு வந்ததில் அடிலாபாத் முத்திரை. பிப்ரவரியில் அனந்தபூர். மார்ச்சில் கிருஷ்ணகிரி. பள்ளி ஆய்வகத்தில் மாட்டியிருக்கும் இந்தியப் படத்தில் ஐந்து ஊர்களிலும் பென்சிலால் புள்ளி வைத்தேன். ஸ்கேல் வைத்துக் கோடு போடத் தேவையே இருக்கவில்லை. முதலில் மேற்கே திரும்பி, பிறகு தெற்கே நம் ஊரைப் பார்த்து வருகின்றன. மாதம் ஒரு ஊராக, அவசரம் இல்லாமல், நடந்து வருகிற மாதிரி.

மாணவர்கள் என்ன சார் இது என்று கேட்டார்கள். மழைமேகம் வரும் பாதை என்றேன்.

சகாயத்திடம் மறைத்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். அவளுக்கு முதல் அட்டையிலேயே தெரிந்திருக்கிறது. இன்னாசி அவளிடம் காட்டியிருக்கிறார். நான்கு மாதம் வாயைத் திறக்கவில்லை. மார்ச் மாதப் பூசை முடிந்து வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது என் முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னாள்: ‘ஏனுங்க, உங்க பேரு செத்தவங்க லிஸ்ட்ல வந்துட்டே இருக்கோணும்னு வேண்டிக்கிறனுங்க. தப்பா நெனைக்காதீங்க.’ நான் தப்பாக நினைக்கவில்லை. நானும் அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தேன். யாரிடம் என்று கேட்காதே. என் பெயரை மரித்தோரில் வாசிக்கிற வரைக்கும் எழுதுகிற கை ஒன்று இருக்கிறது அல்லவா? முதல் வெள்ளி வருவதற்கு நாள் எண்ணத் தொடங்கியிருந்தேன். மார்ச்சில் கெபியை விட்டு எழுந்து, கோயில் படிவரை வந்து நின்று கேட்டேன். உள்ளே போகவில்லை.

நேற்று ஏப்ரல் முதல் வெள்ளி. அதுவே பெரிய வெள்ளியாகவும் அமைந்துவிட்டது. அன்று பூசை கிடையாது, கருத்து வாசிப்பும் கிடையாது என்பது எனக்கு முன்பே தெரியும். ஆனாலும் இன்னாசியிடம் போய் அட்டை வந்ததா என்று கேட்டேன். நான் கேட்பதற்காகவே காத்திருந்தவரைப் போலத் தலையாட்டினார். வரவில்லை. இந்த முறை அவர் குத்தலாகப் பேசவில்லை. ‘வந்துரும் வாத்தியாரே’ என்று என் தோளைத் தொட்டார்.

மூன்று மணிச் சடங்குக்குச் சகாயம் உள்ளே போனாள். நான் வெளியே இருந்தேன். வெயில் கொளுத்தியது. கெபிக்குத் துணி போட்டு மூடியிருந்தார்கள். அப்போது கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் சின்னண்ணன் வந்தான். நம் வேதக்காரன் இல்லை. பனமரத்துப்பட்டிப் பக்கத்து ஆள், வேலைக்கு வந்து இரண்டு வருடம்தான். ஜெர்ரியை அவன் பார்த்ததில்லை. என் பெயரும் அவனுக்குத் தெரியாது. எல்லோருக்கும் நான் வாத்தியார்தான்.

‘ஏனுங்க வாத்தியாரே, உபகாரசாமிங்கறது ஆருங்க?’ என்று கேட்டான்.

ஏன் என்றேன். மதியம் ஒரு ஆள் வந்து உபகாரசாமி கல்லறை எங்கே என்று கேட்டதாகச் சொன்னான். சின்னண்ணனுக்குக் கொஞ்சம் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். தேடி, தாத்தாவின் கல்லறையைக் காட்டியிருக்கிறான். வந்த ஆள் குனிந்து வருடத்தைப் பார்த்துவிட்டு, ‘இது இல்லீங்க, புதுசு’ என்றானாம்.

‘புதுசா அந்தப் பேர்ல எதுவும் இல்லீங்கன்னேன். ஒண்ணொண்ணா படிச்சுக்கிட்டே போனாருங்க. ஒரு கல்லுகூட விடல. கடைசில ஒரு பொட்டெடத்துல மெழுகுவத்திய நட்டுப்போட்டு, இடது கையில சிலுவ போட்டாரு. உங்க ஆளுங்க ஆரும் அப்படிப் போட்டு நான் பாத்ததில்லீங்க. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. தல வேற சொட்டச் சொட்ட ஈரமா இருந்துச்சுங்க, இந்த வெயில்ல.’

ஏப்ரல் வெயிலுக்கு யாரானாலும் குழாயடியில் தலையை நனைத்துக்கொள்வார்கள் என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. கல்லறைத் தோட்டத்துக் குழாயில் பொங்கலிலிருந்து தண்ணீர் வரவில்லை.

போய்ப் பார்த்தேன். அப்பாவின் கல்லறைக்கு இடது பக்கம், எனக்கென்று விட்டு வைத்திருக்கும் ஆறடி வெற்றிடம். அதன் தலைமாட்டில் மெழுகுவர்த்தி நின்றது. வெயிலில் சுடர் கண்ணுக்குத் தெரியவில்லை. மெழுகு மட்டும் உருகி வழிந்துகொண்டிருந்தது. அணைந்துவிட்டதோ என்று விரலை நீட்டினேன். சுட்டுவிட்டது. கொப்புளம் இருக்கிறது. அதனால்தான் என் எழுத்து இப்படிக் கோணுகிறது.

ஒலிபெருக்கியில் எல்லோரும் முழந்தாளிடும் சத்தம் கேட்டது. நானும் அந்த மண்ணில் முழந்தாளிட்டேன், அக்சிலியா. செபம் வரவில்லை. என் குழிமேல் நானே முழந்தாளிட்டிருக்கிறேன் என்பது மட்டும் தெரிந்தது.

வந்தது யார் என்று நீ கேட்பாய். படித்தவனாக நான் சொல்லக்கூடியது இதுதான்: ஆற்றிலிருந்து எப்படியோ பிழைத்தவன், இத்தனை வருடம் எங்கெங்கோ கூலிவேலை பார்த்தவன், அப்பன் சொன்ன வார்த்தையை அட்சரம் பிசகாமல் செய்துகொண்டு வருகிறவன். செத்தவனுக்குச் செய்வதை மட்டும் செய் என்றேன். பூசை கேட்டான், கல்லறை தேடினான். வேறு விதமாகவும் சொல்லலாம். அதைப் பகலில்கூட எழுத எனக்குத் தைரியம் இல்லை.

எதுவானாலும் ஒன்று தெளிவு. அப்பன் இல்லாத வீட்டுக்குத்தான் அவன் வருகிறான். நான் இருந்தால் படியேற மாட்டான். நான் சாகவில்லை என்று தெரிந்தால் வந்த வழியே ஐந்து ஊரையும் கடந்து திரும்பிவிடுவான். ஆகையால் நான் போய்விடுவதென்று தீர்மானித்தேன். நான்கு சட்டை எடுத்து வைத்தேன்.

சகாயம் ஈஸ்டருக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தாள். எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். கல்லறை, ஈரத்தலை, எல்லாம். அவள் பயப்படவில்லை. மாவுக் கையோடு வந்து நின்று என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

‘முப்பது வருசமா ஞாயித்துக்கெழமயானா உடலின் உயிர்ப்பை நம்புகிறேன்னு நான் சத்தமாச் சொல்றேன், கோயில் வேலைய விட்டதுலருந்து நீங்க வெளிய நின்னு கேக்கறீங்க. எதுக்குங்க சொல்றது, சும்மாவா? அவன் செத்துட்டான்னீங்க. நீங்க செத்துட்டீங்கன்னு அவன் நெனச்சுட்டான். நடுவுல நாந்தான் ரெண்டு பொணத்தோட குடும்பம் நடத்திட்டிருக்கறேன். ரெண்டு பேரும் எந்திரிச்சு வந்து என்ற முன்னால ஒக்காந்து சோறு தின்னுங்க. பையெ உள்ள வைங்க.’

அவ்வளவுதான். மாவு சலிக்கப் போய்விட்டாள். கதவைச் சாத்தவில்லை. காலையிலிருந்து வெளிக்கதவும் திறந்தே கிடக்கிறது.

பையை உள்ளே வைக்கவும் இல்லை, எடுத்துக்கொண்டு கிளம்பவும் இல்லை. மேசைமேல் இருக்கிறது. நான் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன். தெருவில் வெயிலைத் தவிர ஆள் இல்லை. படி காய்ந்து கிடக்கிறது. படியை அடிக்கடி பார்த்துக்கொள்கிறேன்.

உன்னிடம் நான் எதையும் கேட்டதில்லை. அப்பாவுக்கு மண் போட வா என்று கேட்டதுதான் கடைசி. இப்போது ஒன்று கேட்கிறேன். உங்கள் மடத்துக் கோயிலிலும் கருத்து எழுதிப் போடுவீர்கள்தானே. எங்கள் இருவருக்கும் ஒரே சீட்டு போடு. உபகாரசாமி, ஜெர்ரி என்று பெயர்களை மட்டும் எழுது. மரித்த என்றும் எழுதாதே, நலமாயிருக்க என்றும் எழுதாதே. எந்தப் பட்டியலில் வாசிப்பது என்று உன் கடவுளே பார்த்துக்கொள்ளட்டும். அந்த அளவுக்கு மட்டும் நான் அவரை நம்புகிறேன்.

உனக்கு என் ஆசீர். அண்ணியும் விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

உன் அண்ணன்,
உபகாரசாமி