வால்பாறைப் பெண்ணுக்கு ஒதுக்கிய இரண்டு பைகள்

அன்பான நங்கைக்கு,

அண்ணன் உங்களைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து உங்களை, நம் ஊர் வழக்கப்படி அண்ணி என்னாமல், நங்கை என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். சரவணம்பட்டி ஆபீஸில் எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்து ஆறு வருஷம் புரோகிராம் எழுதியபோதும் அப்படித்தான். நீங்கள் எங்களை விட்டுப் போய் எட்டு மாசம் ஆகிறது. எதிர் மேஜையில் இன்னும் யாரையும் உட்கார வைக்கவில்லை.

மூளையில் ரத்தம் கசிந்து நீங்கள் விழுந்தபோது நாம் பேசிக்கொள்ளாமல் பதினோரு நாள் ஆகியிருந்தது. போன மாசம் வரை அண்ணனுக்குக்கூட இது தெரியாது. எதனால் என்று இன்றைக்கு மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

அந்த ரத்த வங்கி வேலைதான். ஆஸ்பத்திரியின் பழைய வெப்சைட்டை ஃபிரேம்வொர்க் என்ற புது மென்பொருள் அடித்தளத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். ரத்தப் பைகளின் கணக்கை வைத்திருக்கும் டேட்டாபேஸோடு பேசும் பகுதியை அதில் இணைப்பது நம் இருவர் பொறுப்பு. டேட்டாபேஸ் "சேமித்தாயிற்று" என்று உறுதி சொன்ன பிறகுதான் திரைக்குப் பதில் போக வேண்டும் என்றீர்கள். அதை ஒவ்வொரு இடத்திலும் கையால் எழுதினால் பார்க்கவே சகிக்காது, பதில் போன பிறகு கடைசியில் ஒரே இடத்தில் ஃபிரேம்வொர்க்கே சேமித்துக்கொள்ளட்டும், வேகமாகவும் இருக்கும் என்றேன் நான்.

"கடைசியில சேமிக்க முடியாமப் போச்சுன்னா?"

"அதெல்லாம் போகாதுங்க நங்கை."

"போச்சுன்னா அது யாருக்கு அம்மணி தெரியும்?"

எல்லார் முன்னாலும் கேட்டீர்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. மறுநாளிலிருந்து மதியச் சாப்பாட்டை வேறு இடத்தில் வைத்துக்கொண்டேன். நீங்கள் இரண்டு தரம் வந்து பக்கத்தில் நின்றீர்கள். நான் ஏன் திரையைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை?

நீங்கள் போன மூன்றாம் மாசம் உங்கள் வழிப்படி நீங்கள் எழுதி வைத்திருந்த வரிகளை அழித்துப்போட்டு, என் வழிப்படி மாற்றினேன். எல்லாச் சோதனையும் தேறியது. தேறாமல் என்ன? சோதித்தது நான் ஒருத்தி, ஒரு நேரத்தில் ஒரு பட்டன்.

போன மாசம் ஒரு திங்கட்கிழமை புது வெப்சைட் நடைமுறைக்கு வந்தது. காலை ஒன்பது மணிக்கு ரத்த வங்கியிலிருந்து ஸ்டெல்லா கூப்பிட்டாள். அங்கே டெக்னீஷியனாக இருக்கும் அந்தக் காரமடைப் பெண்ணை உங்களுக்குத் தெரியுமே.

"ஏனுங்க, ஓ நெகட்டிவ் ரெண்டு பை ஒதுக்கி வெச்சேனுங்க. 'ஒதுக்கப்பட்டது'ன்னு பச்சையா வந்துது. இப்பப் பார்த்தா யாருக்கும் ஒதுக்காத மாதிரி இருக்குதுங்க."

"ஒருக்கா ரிஃப்ரெஷ் பண்ணிப் பாருங்க ஸ்டெல்லா."

இதைத்தான் சொன்னேன் நங்கை. சொல்லிவிட்டு போனை வைத்தேன். ஐந்து நிமிஷம் வீணானது அப்படித்தான்.

அவள் திரும்பக் கூப்பிட்டபோது குரலே மாறியிருந்தது. வால்பாறை எஸ்டேட்டிலிருந்து ஒரு பெண், பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காமல் ஆம்புலன்ஸில் மலை இறங்கிக்கொண்டிருந்தாள். பைகள் அவளுக்காக ஒதுக்கியவை. அந்த வகையில் ஆஸ்பத்திரியில் இருந்ததே அந்த இரண்டுதான். ஃப்ரிட்ஜைத் திறந்தால் இரண்டுமே இல்லை. திரையில் யார் பெயரும் இல்லாததைப் பார்த்து, அடுத்த கவுண்டர்க்காரர் அவற்றை மேல்மாடியில் நடக்கவிருந்த ஒரு மூட்டு ஆபரேஷனுக்குக் கொடுத்தனுப்பியிருந்தார்.

"பையை வெளிய எடுத்து எத்தனை நேரமாச்சு?"

"பதினாறு நிமிஷமுங்க. அரை மணிக்கு மேல வெளிய இருந்துச்சுன்னா திரும்ப வெக்க முடியாதுங்க. கொட்ட வேண்டியதுதான்."

"ஸ்டெல்லா, தப்பு எங்களோடதுங்க. திரையில வர்றது எதையும் நம்பாதீங்க. மேல ஓடிப் போய்ப் பையை நிறுத்துங்க. இனி எல்லாத்தையும் பேப்பர்ல எழுதுங்க."

போனைக் கட் பண்ணாமலே ஓடினாள். படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்டது. யாரோ டாக்டர் அதட்டுவது கேட்டது. "அந்தப் புள்ள மலை இறங்கிட்டு இருக்குதுங்க டாக்டர்" என்று அவள் கெஞ்சியதும் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சர்வரின் பதிவுகளைத் தேடினேன். மூன்று தரம் தப்பாக டைப் செய்தேன்.

கிடைத்தது. ஸ்டெல்லா பைகளை ஒதுக்கிய அதே நொடியில் அடுத்த கவுண்டரில் அதே பைகளின் பரிசோதனை முடிவைப் பதிந்திருக்கிறார்கள். இரண்டும் மோதின. டேட்டாபேஸ் ஒன்றை ஏற்று, ஸ்டெல்லாவுடையதைத் தள்ளிவிட்டது. அதற்குள் அவள் திரைக்குப் பச்சை எழுத்துப் போய்ச் சேர்ந்திருந்தது. யாருக்குத் தெரியும் என்று கேட்டீர்களே, யாருக்குமே தெரியவில்லை நங்கை.

"கெடைச்சுருச்சுங்க" என்று மூச்சு வாங்கினாள் ஸ்டெல்லா. "இருபத்தேழு நிமிஷம். பிரிக்கவே இல்லீங்க." மூட்டு ஆபரேஷன் மறுநாளைக்குத் தள்ளிப்போனது. பதினொன்றரைக்கு ஆம்புலன்ஸ் வந்தது. இரண்டு பையும் அவளுக்கு ஏறின. அவள் பிழைத்துக்கொண்டாள். பெண் குழந்தை.

அன்று மதியமே பழைய வெப்சைட்டைத் திரும்ப ஓடவிட்டேன். மூன்று நாள் உட்கார்ந்து, அழித்த உங்கள் வரிகளை ஒவ்வொன்றாகத் திரும்ப எழுதினேன். எங்கெல்லாம் பதிவு மோதுமோ அங்கெல்லாம் மோதவிட்டுச் சோதித்தேன். ஆஸ்பத்திரிக்குக் கொடுத்த அறிக்கையில், சரியாக எழுதியது நீங்கள், அழித்தது நான் என்று பெயர் போட்டே எழுதினேன். "உம் பேரு எதுக்கு?" என்றார் முதலாளி. இருக்கட்டும் என்றேன்.

அண்ணனிடமும் அந்தப் பதினோரு நாளைச் சொன்னேன். "அப்பல்லாம் அவ ஊட்டுக்கு வந்ததும் தினமும் எங்கிட்டக் கேப்பா, சுமதி சாப்ட்டாளான்னு" என்றார். அவ்வளவுதான். நான் எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை ரத்த வங்கிக்குப் போனேன். "இனி இதை நம்பலாமுங்களா?" என்று ஸ்டெல்லா நேராகவே கேட்டாள். சோதனைக்காகக் கணக்கில் மட்டும் சேர்த்திருந்த ஒரு போலிப் பையை அவளை ஒதுக்கச் சொன்னேன். அவள் பட்டனை அழுத்தும்போது டேட்டாபேஸ் இணைப்பைத் துண்டித்தேன். திரையில் சிவப்பில் வந்தது: "பதிவாகவில்லை." ஸ்டெல்லா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இன்னொருக்கா பண்ணுங்க" என்றாள்.

இனி மாசாமாசம் போய் அப்படிச் செய்து காட்டுவேன் நங்கை. யாராவது எதிரே நின்று "போச்சுன்னா?" என்று கேட்டால், தலையைத் தூக்கி, அவர்கள் முடிக்கும்வரை கேட்பேன்.

இப்படிக்கு,
பேசாமல் இருந்துவிட்ட உங்கள் நாத்தனார்,
சுமதி