ஒன்பது மணிக் கூட்டம்

2006 ஜூலை, வெள்ளி

எங்கள் சபையின் வாலிபர் கூட்டத்துக்கு யாரும் வருவதில்லை. பக்கத்துச் சபையில் எப்படி நடத்துகிறார்கள் என்று இன்று பார்க்கப் போனேன். அங்கே எங்கள் கூட்டத்துக்கு வராமல் நின்றுபோன செல்வியும் டேவிட்டும் உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் தலைகுனிந்தார்கள்.

நடத்துகிற தம்பி எதையும் ஒளிக்கவில்லை. "காலைல எட்டரைக்குப் போனா ஒன்றரை ஷிப்டு முடிச்சு ராத்திரி எட்டரைக்குத்தானுங்க பனியன் கம்பெனிய விட்டு வர்றாங்க. அதனால ஒன்பதுக்கு வெச்சோம். நீங்களும் வெச்சுப் பாருங்க."

நாங்கள் ஆறு மணிக்கு வைக்கிறோம். பள்ளிக்கூட வாத்தியாரான எனக்கு ஆறு மணி வசதி. அப்போது அவர்கள் வேலையில் இருப்பார்கள் என்பது உறைக்கவே இல்லை.

எங்கள் பாஸ்டருக்குப் போன் செய்தேன். "அவங்களப் பாத்து நாம மாத்தணுமா?" என்று வைத்துவிட்டார். இனி மாறாது.

வருகைப் பதிவேட்டில் அந்த இரண்டு பெயருக்கு நேரே, விசுவாசத்தை விட்டு விலகிவிட்டார்கள் என்று நினைத்து, 'பின்மாற்றம்' என்று ஏற்கெனவே எழுதியிருக்கிறேன். போன ஞாயிறு ஆராதனையில் அவர்கள் மனந்திரும்பும்படி பெயர் சொல்லி ஜெபித்தேன். அவர்களுடைய அம்மாக்களும் ஆமென் சொன்னார்கள்.